சுவிட்சர்லாந்தில் மலைநடை: எங்கே தொடங்குவது?

"வேலைக்காகச் சுவிட்சர்லாந்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிறு வந்தால் எல்லோரும் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கமே இல்லை. உயரம் என்றால் கொஞ்சம் பயமும் உண்டு. எங்கே தொடங்குவது? அப்படி என்னதான் இருக்கிறது அதில்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எங்கே தொடங்குவது என்பதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் வருடம் மலை என்றால் எனக்கு ரயில் பயணம்தான். பல்சக்கர ரயிலிலோ கேபிள் காரிலோ மேலே போவேன், அரை மணி நேரம் நிற்பேன், படம் எடுப்பேன், இறங்கிவிடுவேன். அழகாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலையில் எதுவும் மனதில் நிற்காது. இரண்டாம் வருட நவம்பரில்தான் அது மாறியது. சூரிச்சில் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்: தலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு மூடி, இரண்டு வாரமாக வெயில் கண்ணில் படவில்லை. உடன் வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார்: "வானம் தெளிவாகத்தான் இருக்கிறது. மூடுபனி தரையோடு கிடக்கிறது, அவ்வளவுதான். ஏறிப் போங்கள், வெளியே வந்துவிடுவீர்கள்."

ட்ரீம்லியில் ட்ராமை விட்டு இறங்கி யூட்லிபெர்க் மேல் ஏறினேன். உச்சி 870 மீட்டர்தான். ஏற வேண்டியது 400 மீட்டர் அளவு. பீச் மரக்காடு. மழை இல்லை, ஆனால் காடு முழுக்கச் சொட்டும் சத்தம். மூடுபனி கிளைகளில் திரண்டு துளித்துளியாக விழுந்துகொண்டிருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் சாம்பல் நிறம் வெள்ளையானது, வெள்ளைக்குள் மெல்ல ஒரு மஞ்சள் கலந்தது. அப்புறம் மரத்தண்டுகளுக்குப் பக்கத்தில் நிழல் விழத் தொடங்கியது. அந்த நிழலைப் பார்த்துத்தான் வெயில் வந்துவிட்டதே எனக்குப் புரிந்தது. உச்சியில் நின்றபோது நகரமும் ஏரியும் காணவில்லை. காலடியிலிருந்து தொடங்கி அசையாத வெள்ளைப் பரப்பு, அதன் மறுகரையில் க்ளாரஸ் பக்கத்து மலைகள் வரிசையாக. இதற்கு இங்கே 'நேபெல்மேர்' என்று பெயர், மூடுபனிக் கடல். ஜூரா மலைத்தொடருக்கும் ஆல்ப்ஸுக்கும் நடுவே உள்ள தாழ்நிலம் ஒரு தொட்டி போல அமைந்திருப்பதால் குளிர்ந்த கனமான காற்று அதில் தேங்கிவிடுகிறது. குளிர்கால வானிலை அறிக்கையில் மூடுபனியின் மேல்மட்டம் எத்தனை மீட்டர் என்றே சொல்வார்கள். 700 என்றால் யூட்லிபெர்க் போதும். 1,100 என்றால் 1,798 மீட்டர் உயர ரிகிக்குப் போக வேண்டும்.

ரயிலில் போயிருந்தால் அதே காட்சியைப் பார்த்திருப்பேன், ஆனால் அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருக்காது. நிறம் மாறுவதை நடந்து நடந்து கடந்தேன் அல்லவா, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அன்று மேலே ஒரு மஞ்சள் கைகாட்டிப் பலகை நின்றது. ஃபெல்செனெக் என்ற ஊர்ப்பெயர், எதிரே மணிக்கணக்கு. கிலோமீட்டர் இல்லை. முகட்டோடு போகும், பெரிய ஏற்ற இறக்கமில்லாத அகலமான பாதை அது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வழியில் சூரியக் குடும்பத்தை ஒன்றுக்கு நூறு கோடி என்ற அளவில் சுருக்கி வைத்திருக்கிறார்கள்: நீங்கள் வைக்கும் ஒரு மீட்டர், விண்வெளியில் பத்து லட்சம் கிலோமீட்டர். புளூட்டோ வரை நடந்து, கேபிள் காரில் ஆட்லிஸ்வீலுக்கு இறங்கினேன். சூரிச் பக்கம் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் முதல் நடையும் இதுவாகவே இருக்கட்டும்.

இனி அந்தப் பலகையைப் பற்றி. இந்த நாட்டில் அடையாளமிட்ட நடைபாதைகள் 65,000 கிலோமீட்டருக்கும் மேல். எங்கே போனாலும் ஒரே மஞ்சள், ஒரே எழுத்து. இது தானாக வந்துவிடவில்லை. 1930-களில் மலைக் கணவாய்களில் கார்கள் பெருகி, நடப்பவர்கள் சாலையோரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். யோஹான் யாக்கோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியர் நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை வேண்டும் என்று முன்னின்றார். 1934-இல் அதற்கான அமைப்பு உருவானது. 1979-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி நடைபாதைகளை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். 1987 முதல் அதற்கென்று தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாதையை எடுத்துவிட்டாலோ, நீண்ட தூரத்துக்குத் தார் போட்டு மூடினாலோ மாற்றுப் பாதை தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நடப்பதை ஒரு நாடு இவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. வெளியிலிருந்து வந்தவருக்கு இங்கே எத்தனையோ இடங்களில் அனுமதி, பதிவு, காத்திருப்பு எல்லாம் உண்டு. பாதையில் அது எதுவும் கிடையாது. பலகை எல்லோருக்கும் ஒரே வழியைத்தான் காட்டுகிறது.

பலகையில் எழுதியிருக்கும் நேரம் ஓய்வு சேர்க்காத நேரம். நல்ல சமதரையில் மணிக்கு 4.2 கி.மீ. என்று வைத்து, அதோடு ஏற்ற இறக்கத்தைச் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். முதல் வருடம் நான் அந்த நேரத்தோடு எப்போதும் கால் பங்கு கூட்டிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நிறங்களை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் மஞ்சள் என்றால் யாரும் போகலாம். செங்குத்தாக இருக்கலாம், ஆனால் விழும் ஆபத்துள்ள இடத்தில் கைப்பிடி இருக்கும். பலகை நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை இருந்தால் மலைப்பாதை: ஒற்றையடித் தடம், சில இடங்களில் பக்கவாட்டில் பள்ளம், கால் உறுதி வேண்டும், தலைசுற்றல் இருக்கக்கூடாது. பாறைகளிலும் மரங்களிலும் அதே மூன்று பட்டைகளைத் தீட்டியிருப்பார்கள். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கை வைத்து ஏறும் பாறை, பனி மூடிய சரிவு, பனியாறுகூட வரலாம். உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். குளிர்காலப் பாதைகளுக்கு இளஞ்சிவப்புப் பலகை. பாதை எவ்வளவு கடினம் என்று சொல்ல, 1863-இல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் கிளப்பின் அளவுகோல் ஒன்றும் உண்டு, டி1 முதல் டி6 வரை. மஞ்சள் டி1, சிவப்புப் பட்டை டி2, டி3, நீலம் அதற்கு மேல். கவனியுங்கள், டி2-க்கும் டி3-க்கும் பலகையில் ஒரே நிறம்தான். ஆனால் உயரப் பயம் உள்ளவருக்கு அந்த இரண்டுக்கும் நடுவே நிறைய தூரம். அதனால் சிவப்புப் பட்டைப் பாதையில் போகும் முன் அது எந்த டி என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

பலரும் தொடங்கும்போது செய்வது இது: ஒரு சுலபமான மலை, அடுத்து அதைவிட உயரமான மலை, அடுத்து இன்னும் உயரமானது. உயரத்தையே அளவாக வைத்துக்கொண்டால் மூன்றாவது மாதம் ஒன்று பயம் வரும், இல்லையென்றால் அலுப்பு வரும். நான் சொல்வது, உயரத்தைக் கூட்ட வேண்டாம், தரையை மாற்றுங்கள். இந்தச் சின்ன நாட்டில் இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் காலுக்குக் கீழே இருக்கும் கல்லே மாறிவிடுகிறது. கல் மாறினால் தண்ணீர் மாறும், மரம் மாறும், உங்கள் நடையும் மாறும்.

ஜூராவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். டைனோசர் காலத்தின் ஒரு பகுதிக்கு ஜுராசிக் என்ற பெயர் இந்த மலைத்தொடரிலிருந்துதான் வந்தது. அங்கே முதல் முறை போனபோது அரைநாள் நடந்தும் ஓர் ஓடைகூடத் தென்படவில்லை. சுற்றிலும் பச்சைப்பசேல் என்ற மேய்ச்சல் நிலம், பெரிய பெரிய ஸ்ப்ரூஸ் மரங்கள், ஆனால் தண்ணீர் மட்டும் இல்லை. பெய்யும் மழையெல்லாம் கல்லின் வெடிப்புகள் வழியே உள்ளே போய், எங்கோ கீழே பள்ளத்தாக்கில் ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் ஜூராவில் தண்ணீரை வீட்டிலிருந்தே சுமந்து போக வேண்டும், இரண்டு லிட்டராவது. ஈரமான சுண்ணாம்புக்கல் சோப்பு போல வழுக்கும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

ஜூராவில் க்ரூ து வான் என்ற இடம் இருக்கிறது. புல்வெளியில் சாதாரணமாக நடந்து போகிறீர்கள், திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. குதிரை லாட வடிவில், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு, 160 மீட்டர் செங்குத்துப் பாறைச் சுவர். உங்கள் பயத்துக்கு இது நல்ல இடம் என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, கல்லை அடுக்கிக் கட்டிய தாழ்வான சுவர் ஒன்று ஓடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் புல்வெளி. எவ்வளவு அருகே போவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம், யாரும் பின்னாலிருந்து தள்ளப்போவதில்லை. என்னோடு வந்த ஒருவர் முதல் முறை சுவருக்கு இருபதடி இந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை சுவர் மேல் கைவைத்து எட்டிப் பார்த்தார். பாறை விளிம்பில் ஐபெக்ஸ் என்ற காட்டாடுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கும் ஆசையில் பயம் அவருக்கு மறந்துபோனது.

லவோ திராட்சைச் சரிவுகளைப் பற்றி ஒரு வரி போதும்: ஜெனீவா ஏரிக்கரையில் சான் சஃபோரானிலிருந்து லூட்ரி வரை, பெரும்பாலும் சிமென்ட் தடம், ஜனவரியிலும் நடக்கலாம். 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே மூன்று சூரியன்கள் உண்டு என்பார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பிரதிபலிப்பது ஒன்று, கல்சுவர் பகலில் வாங்கி இரவில் விடும் சூடு ஒன்று. குளிர்காலத்தில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாருங்கள், தெரியும்.

தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ வேறு உலகம். கோட்ஹார்ட் சுரங்கத்தின் தெற்கு வாசலில் வெளியே வந்தவுடன் ஒளியே வேறாக இருக்கும். அங்கே பாதை என்றால் படிக்கட்டு. பலகைப் பலகையாகப் பிளக்கும் நைஸ் கல்லை அடுக்கி, ஊரிலிருந்து மேய்ச்சல் நிலம் வரை ஆயிரக்கணக்கான படிகள் போட்டிருக்கிறார்கள். ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது அதில் பாதி. சில படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும். முதுகில் சுமையோடு எத்தனை தலைமுறை ஏறி இறங்கியிருந்தால் அந்தக் குழி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஏறுவேன். வெர்சாஸ்கா பள்ளத்தாக்கில் சோனோன்யோவிலிருந்து லவெர்டெத்சோவுக்கு ஆற்றோடு இறங்கும் நடை எல்லோருக்கும் ஏற்றது. முடிவில் இரட்டை வளைவுள்ள பழைய கல்பாலம் ஒன்று. பச்சைத் தண்ணீர், பாறையெல்லாம் கழுவி வைத்தது போல இருக்கும்.

ஆனால் டிச்சினோவின் உயரப் பாதைகளில் அக்டோபரில் இறங்கும்போது கவனம் வேண்டும். செஸ்நட் மரங்கள் இலை உதிர்த்து, படியையும் படிக்கு நடுவேயுள்ள பள்ளத்தையும் ஒரே மட்டமாக மூடிவிடும். அந்த இலைக்கு அடியில் முள்ளோடுகூடிய காய்கள் உருண்டை உருண்டையாகக் கிடக்கும். ஒரு முறை 1,100 மீட்டர் அப்படி இறங்கினேன். ஒவ்வோர் அடியையும் கம்பால் குத்திப் பார்த்துத்தான் வைக்க முடிந்தது. கீழே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது தொடைச் சதை தானாக ஆடிக்கொண்டிருந்தது, மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கால்களைச் சோதிப்பது இறக்கம். ஆரம்பத்தில் கேபிள் காரை ஏறுவதற்குப் பயன்படுத்தாதீர்கள், இறங்குவதற்குப் பயன்படுத்துங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் நெருக்கமானவை வாலே கன்டோனின் (இங்கே மாநிலத்தை அப்படிச் சொல்வார்கள்) வாய்க்கால் பாதைகள். பிரெஞ்சில் 'பீஸ்', ஜெர்மனில் 'சூவோனெ'. வாலே இரண்டு பெரிய மலைத்தொடர்களுக்கு நடுவே இருப்பதால் மழை மேகம் அங்கே வந்து சேர்வதற்குள் வற்றிவிடுகிறது. சியோன் நகரில் ஆண்டு மழை 600 மி.மீ. அளவுதான், சூரிச்சில் ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் மேலே பனியாறு உருகிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீரை மலைச்சரிவோடு மெல்ல மெல்ல இறக்கி வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் கொண்டுவர, இடைக்காலத்திலிருந்தே வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். பாறைச் சுவர் குறுக்கே வந்தால் அதில் மரக்கட்டைகளைச் செருகி, மரத்தொட்டியைத் தொங்கவிட்டு அதில் தண்ணீரை ஓட்டினார்கள். 2019-இல் வந்த 100 ஃப்ராங்க் நோட்டு உங்களிடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் பாறையோடு ஒட்டிப் போகும் மரத்தொட்டி அயென்ட் வாய்க்கால்தான், 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

தண்ணீர் மெதுவாக இறங்க வேண்டும் என்பதால் வாய்க்காலுக்குச் சரிவு மிகக் குறைவு. வாய்க்காலைப் பார்த்துக்கொள்பவர் நடந்து போன தடமே இப்போது நமக்குப் பாதை. அதனால் பெரிய மலைகளுக்கு நடுவே, மூச்சு வாங்காமல், பக்கத்தில் தண்ணீர் பேசிக்கொண்டே வர நடக்கலாம். தண்ணீர் போகும் வேகமும் உங்கள் வேகமும் ஏறக்குறைய ஒன்று. மிதந்து வரும் ஓர் இலையைக் குறிவைத்து அதோடு எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று பார்ப்பேன்.

முதல் முறை அங்கே நடந்தபோது காட்டுக்குள்ளிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. யாரோ மரம் வெட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அருகே போனால் ஆள் யாரும் இல்லை. வாய்க்காலின் குறுக்கே கைமுழம் அளவுள்ள மரச்சக்கரம் ஒன்று தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மரச்சுத்தியலைத் தூக்கித் தூக்கிப் பலகை மேல் போட்டது. பலகையில் சுத்தியல் விழும் இடம் மட்டும் வெளுத்துக் குழிந்திருந்தது. அதன் வேலை இதுதான்: வாய்க்கால் காவலர் தன் குடிசையில் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் வந்தால் தண்ணீர் ஓடுகிறது. இரவில் சத்தம் நின்றால் எங்கோ உடைப்பு, அல்லது கல் விழுந்து அடைப்பு. விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் வழக்கமும் அதை நிர்வகிக்கும் கூட்டுகளும் அங்கே இன்னும் இருக்கின்றன. இந்த மரபுப் பாசன அறிவை 2023-இல் யுனெஸ்கோ ஏழு ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான பண்பாட்டு மரபாக ஏற்றது. நான் அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எங்கே நடந்தாலும், இந்தப் பாதையை முதலில் யார், எதற்காகப் போட்டார்கள் என்ற கேள்வி வந்துவிடுகிறது. சில வாய்க்கால் பாதைகள் பலகை மேல் அந்தரத்தில் போகும். க்ரான்-மொன்டானா பக்கத்து பீஸ் து ரோ அப்படி. அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். காட்டுக்குள்ளும் திராட்சைத் தோட்டத்திலும் போகும் வாய்க்கால்களே ஏராளம்.

அதே வாலேயில் ஆலெட்ஷ் காடு. ரீடர்ஃபுர்காவிலிருந்து மோஸ்ஃப்ளூ பக்கம் நடந்தால், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளமுள்ள, ஆல்ப்ஸின் மிக நீண்ட பனியாறு கீழே கிடக்கும். எல்லோரும் பனியாற்றைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் காலடியையும் பாருங்கள். 1850-களில் பனி நின்ற மட்டத்தில் அது தள்ளிவிட்ட மண்ணும் கல்லும் ஒரு கரை போல ஓடுகிறது, மொரேன் என்பார்கள். கரைக்கு மேலே நூற்றாண்டுகள் கண்ட ஆர்வெ பைன் மரங்கள், முறுக்கேறிய தண்டுகளோடு. கரைக்குக் கீழே எல்லாம் இளமரங்கள், இன்னும் கீழே வெறும் பாறை. ஒரே சரிவில் இறங்க இறங்க, பனி விலகிப்போன ஆண்டுகளைக் கடந்துகொண்டு போகிறீர்கள். 1933 முதல் அந்தக் காடு பாதுகாக்கப்பட்டு வருகிறது. பனியாறு இன்னும் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன்.

இனி என் தவறு ஒன்று. மூன்றாவது வருடம் ஜூன் தொடக்கத்தில், பெர்ன் மலைநாட்டில் ஒரு சிவப்புப் பட்டைப் பாதை. கீழே பூக்கள், வெயில், அரைக்கைச் சட்டை. 2,100 மீட்டரில் வடக்குப் பக்கம் திரும்பியதும் பாதைக்குக் குறுக்கே ஓர் ஓடைப்பள்ளம் முழுக்கப் பழைய பனி. முப்பதடி அகலம்தான். அதில் காலடித் தடங்களும் இருந்தன. நான்கு அடி வைத்தேன். காலை நேரம் என்பதால் பனி கண்ணாடி போல இறுகியிருந்தது. ஐந்தாவது அடியில் கால் நழுவி ஒரு கை ஊன்றி நின்றேன். கீழே பார்த்தால் சரிவு நேராகப் பாறைகளில் முடிந்தது. திரும்பி அந்த நான்கு அடியையும் வைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. முந்தைய நாள் மதியம் இளகிய பனியில் யாரோ பதித்த தடம், இரவில் உறைந்து காலையில் பொறியாகிவிட்டது. அந்த வருடம் ஜூலை வரை நான் 1,800 மீட்டருக்கு மேல் போகவில்லை. உயரப் பாதைகளுக்கு ஜூலை முதல் அக்டோபர் முதல் பாதி வரைதான் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்த இடத்தில் திரும்பிவிடுங்கள். திரும்பிய நாள்களில் ஒன்றைப் பற்றிக்கூட எனக்கு வருத்தம் இல்லை.

வரைபடத்துக்கு, அரசின் நில அளவைத் துறையான ஸ்விஸ்டோப்போவின் இலவச செயலி போதும். அதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்லித்தருவதில்லை: 1:25,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகளின் இடைவெளி ஜூராவிலும் தாழ்நிலத்திலும் 10 மீட்டர், ஆல்ப்ஸில் 20 மீட்டர். ஜூராவில் பழகிய கண்ணோடு ஆல்ப்ஸ் வரைபடத்தைப் பார்த்தால், அதே நெருக்கமுள்ள கோடுகள் இரண்டு மடங்கு செங்குத்து. தூரத்தைக் கணக்கிட இங்கே ஒரு வழக்கம் உண்டு: 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராக எண்ணிக் கூட்டிக்கொள்வார்கள். 8 கி.மீ. நடை, 600 மீட்டர் ஏற்றம் என்றால் உங்கள் காலுக்கு அது 14. முதல் சில மாதம் 10, 12-க்குள் நில்லுங்கள். கிளம்பும் முன்பே கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துவிடுங்கள். பள்ளத்தாக்கின் கடைசி ஊர்களில் அது சாயங்காலமே போய்விடும். கோடையில் இடி மதியத்துக்குப் பிறகுதான் கட்டும், அதனால் காலையிலேயே கிளம்பி இரண்டு மணிக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுவது என் வழக்கம்.

ஆற்றங்கரைகளில் ஓர் எச்சரிக்கைப் பலகை அடிக்கடி பார்ப்பீர்கள், தண்ணீர் திடீரென்று ஏறலாம் என்று. வானம் தெளிவாக இருந்தாலும் அதை நம்புங்கள். மேலே அணைகளிலிருந்தும் மின்நிலையங்களிலிருந்தும் தண்ணீர் திறந்தால் சில நிமிடங்களில் ஆறு நிரம்பிவிடும். ஆற்று நடுவிலுள்ள பாறையில் உட்கார்ந்து ஓய்வெடுக்காதீர்கள். மேய்ச்சல் நிலத்தில் கன்றோடு பசு நின்றால் விலகிச் சுற்றிப் போங்கள், கன்றைத் தொட வேண்டாம். ஆட்டுமந்தையின் காவல் நாய் குரைத்து ஓடி வந்தால் அப்படியே நின்றுவிடுங்கள். அது உங்களை மோந்து பார்த்து அமைதியானதும் மெதுவாக விலகிப் போகலாம். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது பரப்பும் இரண்டு நோய்களில் மூளையழற்சிக்குத் தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். லைம் நோய்க்கு இல்லை, அதனால் உண்ணியைச் சீக்கிரம் எடுத்துவிடுவதுதான் வழி. ஹெலிகாப்டர் மீட்புக்கு ரேகா என்ற மீட்பு அமைப்பின் எண் 1414. போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

தனியாக வாழும் ஊரில் ஞாயிற்றுக்கிழமை நீண்டு கிடக்கும், அது எனக்குத் தெரியும். பாதையில் எதிரே வருபவர்கள் எல்லோரும் வணக்கம் சொல்வார்கள். நகரத்தில் லிஃப்டில் முகம் பார்க்காதவர்கள்கூட மலையில் நின்று பேசுவார்கள். சூரிச் பக்கம் 'க்ரூட்சி', ஜூராவில் மேற்கே போகப் போக 'போன்ஜூர்', டிச்சினோவில் 'போன்ஜோர்னோ', எங்காடினில் ரொமான்ஷ் மொழியில் 'அலேக்ரா'. டீல்ஸ்டார்ஃபிலிருந்து நியோன் வரை ஜூரா முகட்டோடு போகும் 320 கிலோமீட்டர் பாதையைத் துண்டு துண்டாக நான்கு வருடத்தில் முடித்தேன். எந்தப் பலகையோடு ஜெர்மன் முடிந்து பிரெஞ்சு தொடங்கியது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பலகைக்கு முன்பே எதிரே வந்த கிழவர் ஒருவரின் வணக்கம் மாறிவிட்டது. மொழி வகுப்பில் வாய் திறக்கத் தயங்கிய நான் முதலில் ஜெர்மன் பேசியது மலையில்தான். மேலே பனி இருக்கிறதா, எவ்வளவு நேரம் ஆகும், இந்தப் பக்கம் இறங்கலாமா: இந்த மூன்று கேள்விகள் போதும்.

சரி, இந்த வாரம் என்ன செய்யலாம்? நீங்கள் எந்தக் கன்டோனில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் ரயில் நிலைய வாசலில் மஞ்சள் பலகை இருக்கும். அதில் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ள ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து ரயிலில் திரும்பி வாருங்கள். அடுத்த முறை வேறு வகைத் தரைக்குப் போங்கள். காலணி மட்டும் முதலிலேயே நல்லதாக வாங்குங்கள், மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து, விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு. இறக்கத்தில் நகம் கருப்பது அந்த இடம் இல்லாததால்தான். யாரிடமாவது பழைய மலைக்காலணி சும்மா கிடக்கிறது, தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். பல வருடம் அலமாரியில் இருந்த காலணியின் பாலியூரித்தேன் அடிப்பகுதி ஈரக்காற்றிலேயே மெல்ல நைந்துபோயிருக்கும். பார்க்கப் புதிது போல இருக்கும், மலையில் இரண்டாம் மணி நேரத்தில் பிய்ந்து தனியாக வந்துவிடும். நனைந்து வீடு வந்தால் ஹீட்டர் மேல் வைக்க வேண்டாம், பசை விட்டுவிடும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஒரு மணி நேரம் கழித்து தாளை மாற்றி, நிழலில் வையுங்கள். மறுநாள் காலையில் காய்ந்திருக்கும்.